முதலாளி, மே மாதத்தை நம்பிக் கடை போடாதீர்கள்

கள்ளக்குறிச்சியில் தீம் பார்க் கட்டலாமா என்று யோசிக்கும் முதலாளி யாராவது இருந்தால் அவருக்கு இது இலவசத் திட்ட அறிக்கை. கன்சல்டன்ட் வைத்தால் லட்சக்கணக்கில் பிடுங்குவார். நான் ஒரு டீக்குச் சொல்கிறேன்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். சமவெளியில் கரும்பும் மரவள்ளியும், மேற்கே கல்வராயன்மலை. மலையடிவாரத்தில் கோமுகி அணை. மேலே ஏறினால் கரியாலூர் படகுத்துறை, பெரியார் அருவி, மேகம் அருவி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. அங்கே இடம் கிடைக்காத கார்கள் எங்கேயாவது திரும்பித்தானே ஆகவேண்டும்? சேலம் சாலையில் ஒரு பெரிய போர்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, பார்க்குக்கு யார் வருவார்கள்? பிள்ளைகள். எப்போது? லீவில். லீவு எப்போது?

முதலாளி, கொஞ்சம் உட்காருங்கள்.

2022இல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் மே 13 வரை பரீட்சை. பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்கு மே மாதம் முழுக்கப் பொதுத்தேர்வு. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். கொரோனா தின்ற வருஷத்துக்கு வட்டி கட்டியது அந்த மே மாதம். மூச்சு விடுவதற்குள் ஜூன் 13 வந்துவிட்டது, பள்ளி திறந்துவிட்டது. 2023இல் ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் ஜூன் 1 என்றார்கள். வெயில் குறையவில்லை, எல்லாருக்கும் ஜூன் 7 என்றார்கள். அப்போதும் குறையவில்லை, பெரிய பிள்ளைகளுக்கு ஜூன் 12, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14. 2024இல் ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். வகுப்பறை வாக்குச்சாவடி ஆயிற்று, கணக்கு வாத்தியார் கையில் மை பாட்டில் வந்தது, பரீட்சையின் மிச்சம் ஓட்டுப்பதிவுக்குப் பிறகு ஏப்ரல் 22, 23க்குப் போயிற்று. ஜூன் 6 திறப்பு என்று சொல்லி, ஜூன் 10க்குத் தள்ளினார்கள். 2025இல் வெயிலுக்குப் பயந்து தொடக்கப்பள்ளிப் பரீட்சையை ஏப்ரல் 7க்கே இழுத்துவந்து 17இல் முடித்தார்கள். அந்த வருஷம் பார்த்துப் பருவமழை மே மாதமே கேரளத்தில் இறங்கிவிட்டது. பள்ளி ஜூன் 2இல் திறந்தது.

நான்கு வருஷத்தில் ஒரு வருஷத்துத் தேதி அடுத்த வருஷத்தில் இல்லை. லீவு எப்போது முடியும் என்பது பெற்றோருக்கு டிவியின் அடியில் ஓடுகிற சிவப்புப் பட்டையில்தான் தெரியும். நீங்கள் ஜூன் முதல் வாரத்துக்கு இரவு ஒன்பது வரை பார்க் திறந்திருக்கும் என்று விளம்பரம் கொடுப்பீர்கள். உயிர்காப்பாளர்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு, நாளைக்குப் பள்ளி உண்டு என்று அமைச்சர் பேட்டி கொடுப்பார். உங்கள் அலைக் குளத்தில் மறுநாள் தவளை நீந்தும்.

வெயிலுக்காகத் தள்ளியதை நான் குறை சொல்லவில்லை. அந்த வெயிலில் பிள்ளைகளை உட்காரவைப்பது பாவம். கேரளத்தில் கல்வி அமைச்சர் சிவன்குட்டி, லீவை ஏப்ரல்-மேயிலிருந்து மழைக்காலமான ஜூன்-ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025 ஜூலைக் கடைசியில் ஊர் முழுக்கக் கேட்டார். பதில் எதுவாக இருந்தாலும் கேட்டாரே, அது பெரிய விஷயம். இங்கே 2024-25க்கு 220 வேலை நாள் என்று நாள்காட்டி வந்தது. ஆசிரியர் சங்கங்கள் சத்தம் போட்டதும் 210 ஆயிற்று. சட்டம் கேட்பது, சங்கம் கேட்பது, சூரியன் கேட்பது எல்லாம் கோட்டைக்குப் போய்ச் சேருகிறது. பிள்ளை கேட்பது மட்டும் போவதில்லை. அதற்குச் சங்கம் கிடையாது.

ஆனால் முதலாளி, இதெல்லாம் அரசு விடுகிற லீவின் கதை. உங்கள் பார்க்கில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுத்து டிக்கெட் எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த லீவே கிடையாது. அது தனியார் பள்ளியில் படிக்கிறது.

ஏப்ரல் வந்தால் கல்வித்துறை எச்சரிக்கை விடும்: கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தினால் கடும் நடவடிக்கை. அது பேப்பரில் வருகிற அன்றைக்குப் பள்ளியில் மே மாத பஸ் ரூட் போட்டு முடித்திருப்பார்கள். தெரிந்த வீட்டில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார்கள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கம் எந்தப் பள்ளி பெயரைப் போட்டாலும் பொருந்தும். 'அன்பான பெற்றோர்களே, திங்கள் முதல் ஃபவுண்டேஷன் கேம்ப் ஆரம்பம். மாணவர்கள் யூனிபார்ம் அணிய வேண்டாம், கலர் டிரஸ்ஸில் வரவும். ஐடி கார்டு போட வேண்டாம். ஸ்கூல் பேக் தவிர்க்கவும், நோட்டுகளைக் கட்டைப்பையில் கொண்டுவரவும். பின்பக்க கேட் திறந்திருக்கும்.'

இந்த மாவட்டத்தில் பின்பக்கமாகப் பையில் மறைத்துக் கொண்டுபோகிற சரக்கு ஒன்றே ஒன்றுதான் இதுவரை இருந்தது. போலீசும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. இப்போது அல்ஜீப்ராவும் சேர்ந்துகொண்டது. பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பு லீவிலேயே காய்ச்சி இறக்குகிறார்கள். பதினோராம் வகுப்பு என்று ஒன்று இருப்பதே பல பள்ளிகளுக்கு மறந்துபோயிருந்தது. அதை ஞாபகப்படுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது, அந்தத் தேர்வு போயிற்று. பிள்ளைக்குப் பாரம் குறைந்தது என்று அரசு சொன்னது. பிராய்லர் பண்ணை மாதிரிப் பள்ளி நடத்துகிறவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த மே மாதத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுக்க வழி சுத்தமாகிவிட்டது. மே முதல் ஞாயிற்றுக்கிழமை நீட். அதற்கு முந்தின மாதம் முழுக்க கிராஷ் கோர்ஸ். நீட் முடிந்த மறுநாளே ரிப்பீட்டர் பேட்ச் சேர்க்கை. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கம் போகிற ராத்திரி பஸ்ஸில் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பாருங்கள். உங்கள் ராட்டினத்தில் ஏற வேண்டியவன் அவன்தான்.

அவனுக்கு ஒரு நாள் டூர் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு பஸ், விடியும்போது சென்னை, காலையில் தீம் பார்க், மாலையில் கடற்கரை, ராத்திரி திரும்பவும் பஸ். டூர் ஃபீஸ் தனி. வராதவனிடம் காரணக் கடிதம் தனி. அந்த நாள் வருகிறதும் டிசம்பர், ஜனவரியில்தான். அப்போதுதான் பாடம் முடித்து ரிவிஷன் தொடங்குகிற இடைவெளி. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 611 கோடி செலவில் வந்த வொண்டர்லா தீம் பார்க் 2025 டிசம்பரில் திறந்தது. மே மாதத்தை நம்பாத புத்திசாலித்தனம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த நிறுவனம் கேளிக்கை வரிக்கு விலக்கு கேட்டுப் பல வருஷம் பொறுமையாகக் காத்திருந்தது; விலக்கும் வாங்கியது. ஒரு ராட்டினம் எவ்வளவு வரி தாங்கும் என்று அரசு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. பதினாலு வயசுப் பிள்ளை எத்தனை ஸ்பெஷல் கிளாஸ் தாங்கும் என்று கணக்குப் போட இன்னும் கோப்பு திறக்கவில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா என்று ஒரு மாநிலம். 1986இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: செப்டம்பர் முதல் திங்களன்று வருகிற தொழிலாளர் தினம் முடியாமல் எந்த அரசுப் பள்ளியும் திறக்கக் கூடாது. பனியில் நாட்களை இழக்கிற மாவட்டங்களுக்கு விலக்கு உண்டு. பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி அல்ல. சுற்றுலாக்காரர்களுக்கு அந்தக் கடைசி நீண்ட வார இறுதியின் வசூல் வேண்டியிருந்தது. அங்கே கிங்ஸ் டொமினியன் என்று பெரிய தீம் பார்க். ஊரே அந்தச் சட்டத்துக்கு 'கிங்ஸ் டொமினியன் சட்டம்' என்று பெயர் வைத்துச் சிரித்தது. முப்பத்துமூன்று வருஷம் தாக்குப்பிடித்து, 2019இல்தான் இரண்டு வாரம் முன்னே திறந்துகொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆகஸ்டு தொடக்கத்திலேயே பள்ளி திறக்கிற மாநிலங்களில் பார்க்குகள் வார நாளில் கதவைச் சாத்திவிட்டு சனி, ஞாயிறு மட்டும் ஓட்டுகின்றன. பார்க்க வருகிறவன் பள்ளிக்குப் போய்விட்டான், சரி. ராட்டினத்தை இயக்குகிற பையனும் பெண்ணும்கூடப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்விட்டார்கள்.

ஒரு ராட்டினக் கம்பெனி மாநிலத்துப் பள்ளி மணியையே பிடித்து நிறுத்துவது கேவலம்தான். ஆனாலும் சொல்கிறேன், படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே பிள்ளைகளின் லீவுக்காக வாதாட ஒரு பேராசைக்காரனாவது இருந்தான். இங்கே பேராசைக்காரர்கள் எல்லாரும் எதிர்க்கட்சியில் இருக்கிறார்கள். லீவைத் தின்கிறவனுக்குத்தான் வருமானம். விட்டுவைக்கிறவனுக்கு ஒரு பைசா இல்லை.

இனி மலைக்கு வாருங்கள் முதலாளி. கச்சிராயபாளையம் தாண்டி ஏறுவோம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஏசி வேண்டியதில்லை.

வேண்டியதில்லை என்பதைக் கவனித்தீர்களா? வெயில் தாங்காமல்தான் ஊர்க்காரர்கள் இங்கே ஏறி வருகிறார்கள். அந்த வெயிலைக் காரணம் காட்டித்தான் பள்ளித் திறப்பைத் தள்ளுகிறார்கள். சென்னையில் ஒருவருக்கு வேர்த்தால் இந்த மலைமேல் வெள்ளிமலையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். ஒரே சுற்றறிக்கை, ஒரே தேதி. வேலூருக்கும் இதுதான், மேகம் அருவிக்கும் இதுதான்.

மலையில் லீவு குறைந்துவிட்டது என்று எந்தப் பிள்ளையும் அழவில்லை. லீவு வருகிறதே என்று வயிறுதான் அழுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்த காலை உணவு, மத்தியானம் சத்துணவு, உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால் மூன்று வேளையும். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். அந்த அடுப்பு ஏப்ரலில் அணைந்தால் ஜூனில்தான் பற்றும். 2023இல் ஜூன் 7, ஜூன் 14 என்று தள்ளிக்கொண்டே போனபோது கீழே சின்னசேலத்துப் பிள்ளை டிவி முன்னால் குதித்தது. மலைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒவ்வொரு தள்ளலும் இத்தனை மத்தியானச் சாப்பாடு, இத்தனை முட்டை என்று கழிந்தது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை லீவிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறது. வறட்சி என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தால் பசி செல்லுபடியாகும். இரண்டு மழை பெய்துவிட்டால் பிள்ளைக்கு வயிறு நிரம்பிவிட்டதாக அர்த்தம்.

மிளகும் காபியும் பறிக்கக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள் இந்த மலையில் உண்டு. தோட்டக்காரனின் காலண்டரில் முழுப்பரீட்சை கிடையாது. தாய் தகப்பனோடு போன பிள்ளை திரும்பி வரும்போது பதிவேட்டில் அதற்கு 'இடைநின்றவர்' என்று புதுப்பெயர் விழுந்திருக்கும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு!

பெரியார் அருவிக்குப் போகிற வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாச்சுளை விற்கிற பையனைப் பார்த்தேன். ஏழாவது முடித்து எட்டாவது போகிறானாம். வாழையிலைத் துண்டில் சுளையைக் கூறு கட்டி வைத்திருந்தான், கையில் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவியிருந்தான். ஒரு கார் நின்றது.

"தம்பி, பத்து ரூபாய்க்கு எத்தனை?"

"ஆறுண்ணா."

"எட்டாப் போடு. மலையிலதான சும்மா காய்க்குது."

அவன் ஏழு போட்டான். ஐந்து கூறுக்கு ஐம்பதைக் கழித்து நூறு ரூபாய்க்கு மீதி, பக்கத்து வண்டிக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை, போன வண்டி வைத்த பாக்கி எல்லாம் வாயிலேயே போட்டு முடித்தான். பின்சீட்டில் அவன் வயசில் ஒரு பையன், கண்ணாடி போட்டவன், போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா திரும்பிச் சொன்னார்: "பாரு, எப்படி மனக்கணக்குப் போடறான்! உனக்குக் கட்டற ஃபீஸை இவனுக்குக் கட்டியிருக்கலாம்." கட்டியிருக்கலாம்தான் அம்மா. யார் வேண்டாம் என்றது?

அவர்கள் மத்தியானமே இறங்க வேண்டும், நாளைக்குக் கேம்ப் இருக்கிறது என்று கிளம்பினார்கள். அருவியில் குளிப்பாயா என்று அந்தப் பலாப்பழப் பையனிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எங்கண்ணா குளிக்கறது, வியாபாரம் இருக்குல்ல. மத்த நாள்னா கீழ பாட்டில் ஒடைச்சுப் போட்டிருக்கும், பாத்துதான் எறங்கணும்" என்றான்.

பாருங்கள் முதலாளி, அமெரிக்கா இங்கேயும் வந்துவிட்டது. நம்முடைய பொழுதுபோக்குத் தொழிலும் லீவில் இருக்கிற மாணவர்களை வைத்துத்தான் ஓடுகிறது. அங்கே மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் இருக்கிறது. இங்கே பத்து ரூபாய்க்கு ஏழு சுளை.

இந்த மலையை மூன்று ஜாகீர்தார்கள் வைத்திருந்தார்கள். 1976இல்தான் அரசு கையில் வந்தது. மலைமக்கள் முதல்முறையாக ஓட்டுப் போட்டது 1996இல் என்பது உயர் நீதிமன்றத்திலேயே பதிவான சங்கதி. அதாவது நாடு பதினோராவது மக்களவையைத் தேர்ந்தெடுத்தபோது இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். 2024 ஜூன் 10இல் பள்ளி திறந்தது. அதே மாதம் 19ஆம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் சாவுகள் தொடங்கி, எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. மெத்தனால் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை, ஆலையில் செய்வது. இருந்தாலும் போலீஸ் படை மலையேறியது, சாராய ஊறல்களைத் தேடிக் கொட்டியது. தாயும் தகப்பனும் போய்விட்ட பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய், படிப்புச் செலவு அரசே ஏற்கும் என்று முதல்வர் அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்கள் நிலை குறித்து வழக்கை எடுத்தது. முதல்வரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்த்தால் நல்லது என்று நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. கோட்டையிலிருந்து ஒருவர் மலைக்குச் சுற்றுலா போவதற்கும் கோர்ட்டு சொல்ல வேண்டும் என்றால், என் டிக்கெட் கவுண்டரில் கூட்டம் எப்படி வரும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

வெள்ளிமலையில் கோடை விழா நடந்த ஆண்டுகளும் உண்டு. இரண்டு நாள் பந்தல், துறைக்கு ஒரு அரங்கு, மேடையில் பொன்னாடை. மலைப்பிள்ளைகள் கலைநிகழ்ச்சி ஆடிக் காட்டுவார்கள். கீழே உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அதிகாரிகள். பொழுதுபோக்கு யாருக்கு, வேலை யாருக்கு என்பதில் அங்கேயும் குழப்பம் வராது.

எல்லாம் கூட்டிக் கழித்தால் உங்கள் பார்க்குக்கு இப்படி ஒரு நேரப்பலகைதான் எழுத முடியும்: பரீட்சை முடிந்த நாளுக்கும் கேம்ப் தொடங்கும் திங்களுக்கும் நடுவில் வருகிற ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அந்த ஞாயிறு நீட் என்றால் விடுமுறை. இதற்காக ராட்டினத்துக்கு வருஷம் முழுக்க கிரீஸ் போட வேண்டுமா?

ஆகவே என் யோசனை. பார்க்கை விடுங்கள். அதே நிலத்தில் ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல் கட்டுங்கள். பிளானை மாற்ற வேண்டாம், காம்பவுண்டு சுவர், ஒரே கேட், கேன்டீன், சிசிடிவி எல்லாம் ஏற்கெனவே வரைந்தவை. உள்ளே வந்தவன் வெளியே போக பாஸ் வாங்க வேண்டும் என்பதும் அதேதான். சீசன் பன்னிரண்டு மாதம், நேரம் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை. சூரியனும் குறுக்கே வர முடியாது, அமைச்சர் பேட்டியும் குறுக்கே வராது. அலைக் குளத்தை மூடி ஸ்டடி ஹால் போட்டுக்கொள்ளுங்கள். பேய் வீட்டை அப்படியே பிரின்சிபால் அறையாக்கலாம். அந்த நீலக்கலர் சறுக்கை மட்டும் இடிக்காதீர்கள். அட்மிஷன் நோட்டீஸில் போட்டோவுக்கு ஆகும்.